கோட்டை எதற்குப் பயந்தது? ஐரோப்பிய மதில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் தென்கிழக்கில், மெட்வே ஆற்றங்கரையில் ராச்செஸ்டர் என்றொரு ஊர். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அங்கே 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கற்கோட்டையின் நடுக்கோபுரம் இன்னும் நிற்கிறது. கூரையும் தளங்களும் போய்விட்டன. நான்கு பக்கச் சுவர்கள் மட்டும் சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. வெளியே நின்று அதன் மூலைகளைப் பாருங்கள். மூன்று மூலைகளில் சதுரக் கோபுரம். நான்காவதில் மட்டும் வட்டக் கோபுரம்.

1215இல் ஜான் மன்னரை எதிர்த்துக் கிளம்பிய பிரபுக்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். மன்னர் படையோடு வந்து முற்றுகையிட்டார். கல்லெறியும் பொறிகளால் அடித்துப் பார்த்தும் நடுக்கோபுரம் அசையவில்லை. அதனால் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டும்போது மேலே உள்ள கட்டடம் தலையில் இறங்காமல் இருக்க மரத்தூண்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். போதுமான அளவு குடைந்த பிறகு அந்த மரங்களுக்குத் தீ வைத்தால் முட்டு எரிந்து விழும், அதோடு மேலிருக்கும் மூலையும் விழும். இதுதான் அன்றைய முறை. ஈர மண்ணுக்குள் மரம் எரிய வேண்டுமே? அதற்காக, சாப்பிட அவ்வளவாக உதவாத, ஆனால் நன்றாகக் கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகல் பாராமல் அனுப்பச் சொல்லி ஜான் மன்னர் எழுதிய உத்தரவு இன்றும் ஆவணமாக இருக்கிறது. பன்றிக் கொழுப்பு எரிந்தது, மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. கோபுரத்தை உள்ளுக்குள் இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் அவர்களைப் பணியவைத்தது பசிதான்.

பிறகு அந்த மூலையைத் திரும்பக் கட்டியவர்கள் வட்டமாகக் கட்டினார்கள். சதுர மூலையில் ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும். அடியில் குடைந்தாலும் மூலைதான் முதலில் விழும். வட்டத்தில் மூலையே கிடையாது.

ஐரோப்பாவில் கோட்டை பார்க்கப் போகும் ஒருவருக்கு இந்த ஒரு மூலை போதும், பார்க்கும் விதம் பிடிபட்டுவிடும். எந்தக் கோட்டைக்குப் போனாலும், கட்டியவர் பெயர், ஆண்டு, எத்தனை அறை என்பதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே கேள்வி: இந்தச் சுவர் எந்த ஆயுதத்துக்குப் பயந்து இப்படி இருக்கிறது? ஏணிக்கா, சுரங்கத்துக்கா, எறிகல்லுக்கா, பீரங்கிக்கா? உயரம், தடிப்பு, வளைவு, சரிவு எல்லாமே அதற்கான பதில்கள்தான்.

முதலில், எதைப் பார்க்கிறோம்?

நாம் பொதுவாகக் 'கோட்டை' என்று சொல்லிவிடும் இடங்களில் குறைந்தது மூன்று வகை உண்டு. ஒன்று, பிரபுவோ மன்னரோ குடும்பத்தோடு வாழ்ந்த அரண்வீடு. ராச்செஸ்டர், லண்டன் கோபுரம் இந்த வகை. இரண்டாவது, மதில் சூழ்ந்த ஊர். உள்ளே இருப்பது கடைத்தெரு, தேவாலயம், சாதாரண மக்களின் வீடு. ஸ்பெயினின் ஆவிலா, குரோஷியாவின் டுப்ரோவ்னிக், ஜெர்மனியின் ரோத்தன்பர்க் போன்றவை. மூன்றாவது, படைக்காக மட்டுமே கட்டிய கோட்டை. அரசர் அங்கே ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டார்.

நான்காவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: கோட்டை மாதிரி இருக்கும் மாளிகை. பவேரியாவின் நொய்ஷ்வான்ஷ்டைன் எல்லா நாட்காட்டியிலும் இருக்கும். அதைக் கட்டத் தொடங்கியது 1869இல். அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் லூட்விக் மன்னர் தன் கனவுக்காக எழுப்பிய வீடு அது, எந்தப் படையையும் மனத்தில் வைத்ததல்ல. போய்ப் பாருங்கள், அழகுதான். ஆனால் கோட்டை என்றால் என்ன என்று அங்கே கற்றுக்கொள்ள முடியாது.

உயரம்தான் பலம் என்றிருந்த காலம்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் நாடெங்கும் அவசர அவசரமாகக் கோட்டைகள் எழுப்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கல்லால் ஆனவை அல்ல. மண்ணைக் குவித்து மேடாக்கி, மேலே மரக்கோபுரம், கீழே மரவேலி போட்ட முற்றம், சுற்றிலும் பள்ளம். பள்ளம் தோண்டிய மண்ணே மேடாகிவிடும். விரைவாகக் கட்டலாம். ஆனால் மரம் தீப்பிடிக்கும், மக்கும். வசதி வந்ததும் கல்லுக்கு மாறினார்கள். லண்டனில் வெள்ளைக் கோபுரம் 1070களின் கடைசியில் தொடங்கியது; 27 மீட்டர் உயரம், அடியில் சுவர் நாலரை மீட்டர் வரை தடிப்பு. அதன் வாசல் தரைமட்டத்தில் இல்லை, ஒரு மாடி மேலே இருக்கிறது. மரப்படியில் ஏறிப் போக வேண்டும். ஆபத்து வந்தால் படியை எடுத்துவிடலாம்.

இந்தக் காலத்துக் கோட்டைகளில் உயரம்தான் எல்லாமும். உயர்ந்த சுவருக்கு நீளமான ஏணி வேண்டும். மேலே நிற்பவன் போடும் கல்லுக்கு வேகம் கூடும், அவன் அம்பு தூரம் போகும்.

கோட்டை வாசல்தான் எப்போதும் பலவீனமான இடம், ஏனென்றால் அது சுவரில் வேண்டுமென்றே விட்ட ஓட்டை. அதனால்தான் மூளையெல்லாம் அங்கே செலவாகியிருக்கும். வாசலுக்குள் நுழையும்போது அவசரப்பட்டு முற்றத்துக்கு ஓடாமல் அந்த நடைவழியில் கொஞ்சம் நில்லுங்கள். இரு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு ஓடும், கையளவு அகலத்தில். விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். மேலிருந்து சரசரவென இறங்கும் கம்பிக்கதவு ஓடிய தடம் அது. சில அடி தள்ளி இன்னொரு பள்ளக்கோடு இருந்தால், அங்கே இரண்டாவது கதவு இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அண்ணாந்து பாருங்கள்: கூரையில் துளைகள் தெரிந்தால், முன்னும் பின்னும் கதவு விழுந்து நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் கதி புரிந்துவிடும். எதிரி வாசலில் தீ வைத்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் அதே துளைகள் உதவியிருக்கும்.

மதில் மேலே போனால் அம்புத் துளைகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோடு மாதிரி, உள்ளங்கை நுழையாத அகலம். உள்ளே போய்ப் பாருங்கள், ஒரு ஆள் நின்று இப்படியும் அப்படியும் திரும்பும் அளவுக்கு விரிந்திருக்கும். வில்லாளி உடம்பைத் திருப்பிக்கொண்டே பரந்த வெளியைக் குறி பார்க்கலாம்; அவனைக் குறி பார்ப்பவனுக்குக் கிடைப்பது ஒரு கீற்று மட்டும்.

இனி, வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைப் பற்றி. கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்பார்கள். எண்ணெய் அன்று விலை கூடிய பொருள், முற்றுகையில் அடைபட்டுக் கிடப்பவன் அதைச் சமையலுக்குத்தான் பத்திரப்படுத்துவான். கல், சுடுநீர், சூடேற்றிய மணல் என்றால் நம்பலாம். அடுத்தது சுழல்படிக்கட்டு. ஏறி வரும் எதிரியின் வலக்கை சுவரில் இடிக்கும்படி கடிகாரச் சுற்றில் கட்டினார்கள் என்ற விளக்கத்தை ஏறக்குறைய எல்லாக் கோட்டையிலும் கேட்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதிர்ச்சுற்றில் போகும் படிகளும் நிறையக் கோட்டைகளில் இருக்கின்றன. எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் அர்த்தம். மூன்றாவது, வெளிச்சுவரில் வரிசை வரிசையாகத் தெரியும் சிறு சதுர ஓட்டைகள். பலர் அவற்றையும் அம்புத் துளை என்று படம் எடுக்கிறார்கள். அவை கொத்தனார் சாரம் கட்டக் கம்பு செருகிய ஓட்டைகள். எனக்கு அம்புத் துளையைவிட இவைதான் பிடிக்கும். அவற்றின் வரிசையைப் பின்தொடர்ந்தால் கட்டடம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு உயர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

இந்த உயரக் கலையின் உச்சத்தைப் பார்க்க வேல்ஸுக்குப் போக வேண்டும். முதலாம் எட்வர்டு மன்னர் வேல்ஸை அடக்கிவைக்க, சவாய் நாட்டுத் தலைமைக் கொத்தனாரான ஜேம்ஸ் என்பவரைக் கொண்டு ஒரு வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். 1283இல் தொடங்கிய கான்வியில் கோட்டையையும் ஊர்மதிலையும் நான்கைந்து ஆண்டில் முடித்துவிட்டார்கள். மதில் சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள். இப்போதும் மேலே நடக்கலாம், ஊர்மதிலுக்குக் கட்டணம் இல்லை. அந்த மதிலின் ஒரு பகுதியில் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பறைகள் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அரண்மனை அலுவலர்களுக்காகக் கட்டியவை. கோட்டை என்றால் வாளும் கேடயமும் மட்டும் என்று நினைக்கும் குழந்தைகளை அங்கே கூட்டிப்போனால் அந்த நாளுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

1295இல் தொடங்கிய பியூமாரிஸ் இன்னும் நுட்பமானது: ஒரு மதிலுக்குள் இன்னொரு மதில். உள்மதில் உயரம், வெளிமதில் குட்டை. அதனால் உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவன் தலைக்கு மேலாக அம்பு விடலாம். வெளிமதிலைப் பிடித்தவனுக்கும் நிம்மதி இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒளிய இடமே கிடையாது. ஆனால் ஸ்காட்லாந்துப் போரில் பணம் கரைந்து வேலை நின்றுபோனது. திட்டமிட்ட உயரத்தை அந்தக் கோபுரங்கள் கடைசிவரை எட்டவில்லை.

பீரங்கி வந்ததும் எல்லாம் தலைகீழ்

1453இல் இரண்டாம் மெஹ்மத் சுல்தான், ஆயிரம் ஆண்டாக நின்ற கான்ஸ்டான்டினோபிளின் மதிலைப் பீரங்கிகளால் அடித்துப் பிளந்தார். 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையெடுத்தபோது கொண்டுபோன வெண்கலப் பீரங்கிகள் அளவில் சிறியவை, சக்கரத்தில் ஓடுபவை, இரும்புக் குண்டு போடுபவை. மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று நம்பியிருந்த கோட்டைகள் நாள்கணக்கில் விழுந்தன.

அதுவரை பலமாக இருந்த உயரம் இப்போது சாபமாகிவிட்டது. உயர்ந்த சுவர் தூரத்திலிருந்தே கண்ணில் படும், குறி தவறவே தவறாது. அடியில் நாலு குண்டு பட்டால் மேலே உள்ள கனமே சுவரைக் கவிழ்த்துவிடும். விழுந்த கல் அகழியை நிரப்பி எதிரிக்குப் பாதையும் போட்டுக் கொடுக்கும்.

இத்தாலியப் பொறியாளர்கள் கண்டுபிடித்த மாற்றுவழியில் இரண்டு யோசனைகள் உண்டு. இந்த இரண்டும் புரிந்தால் போதும், 1500க்குப் பிறகு கட்டிய ஐரோப்பியக் கோட்டைகள் அத்தனையும் புரியும்.

முதல் யோசனை எளிது: சுவரைத் தாழ்த்து, தடிப்பாக்கு, உள்ளே மண்ணைக் கொட்டு. கிரிக்கெட் பந்தைக் கண்ணாடியில் அடிப்பதற்கும் மணல் மூட்டையில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கல் நொறுங்கும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பம். வட்டக் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்துக் கோபுரத்திலிருந்து குண்டு போட்டால், அது இந்தக் கோபுரத்தின் வயிற்றை உரசிக்கொண்டு போகும். ஆனால் கோபுரத்தின் நேர் முன்னால், வளைவின் அடியில், ஒரு சிறு நிலப்பகுதி எந்தப் பக்கத்திலிருந்தும் குறிக்கு அகப்படாது. எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் நிம்மதியாகச் சுரங்கம் தோண்டலாம். அந்த இடத்தை எப்படி ஒழிப்பது? கோபுரத்தின் வடிவத்தையே மாற்றி, அந்த நிலப்பகுதியையும் கோபுரத்துக்குள் இழுத்துவிட்டால்? வட்டத்தின் முன்பக்கம் கூராக நீண்டு அம்பு முனை வடிவமாகிவிடும். இதுதான் கொத்தளம். 'கோட்டை கொத்தளம்' என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்ட நாம் கொத்தளத்தைத் தனியாக யோசிப்பதில்லை. ஐரோப்பிய ஊர்களில் மதில் மூலைக்கு மூலை துருத்திக்கொண்டு நிற்கும் அந்த ஐங்கோண மேடுதான் அது. அதன் கூர்முனையில் இருப்பவர்கள் தூரத்து எதிரியைப் பார்த்துக்கொள்வார்கள். மதிலோடு சேரும் பக்கவாட்டில், வெளியே தெரியாத மறைவில், பீரங்கிகள் இருக்கும். அவை எதிரியை நேராகச் சுடுவதில்லை. பக்கத்துக் கொத்தளத்தின் முகத்தை ஒட்டி, மதிலுக்கு இணையாகச் சுடும். மதிலை நெருங்கியவன் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு பீரங்கிக்கு முன்னால்தான் நிற்கிறான்.

ஒவ்வொரு கொத்தளமும் பக்கத்துக் கொத்தளத்தைக் காக்கும், தன்னைத் தானே காக்காது. இந்தக் கணக்கைச் சுற்றிலும் நீட்டிக்கொண்டே போனால் மேலிருந்து பார்க்கும்போது நட்சத்திரம் கிடைக்கும். அழகுக்காக வரைந்ததல்ல. சுடும் கோடுகளை இணைத்தால் தானாக வரும் வடிவம்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த வடிவம். போர்த்துக்கீசரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது அது. ஐந்து முனையிலும் கொத்தளம். அவற்றுக்கு ஹாலந்து, சீலாந்து, உத்ரெக்ட் என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள். கல் மட்டும் ஊர் முருகைக்கல், கணக்கு முழுக்க ஐரோப்பியக் கணக்கு. அதே ஒல்லாந்தர் தங்கள் நாட்டு எல்லையில் கட்டிய பூர்தாங்கே கோட்டைக்கும் ஐந்து கொத்தளங்கள்தான். இரண்டின் வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம்.

இந்த வகைக் கோட்டைகளில் ஒரு சிக்கல் உண்டு: தரையிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதுதான் அவற்றின் நோக்கமே. அகழிக்கு வெளியே நிலத்தை மெதுவாக ஏறும் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள். வெளியிலிருந்து வருபவன் கண்ணுக்குப் புல்சரிவு மட்டும் தெரியும், மதில் அதற்குப் பின்னால் பள்ளத்தில் மறைந்திருக்கும். வெனிஸ் குடியரசு 1593இல் தொடங்கிய பால்மனோவா ஒன்பது முனை நட்சத்திரம்; வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் வாய் பிளக்கும். நேரில் போய் இறங்கியவர்களில் பாதிப் பேர் ஏமாந்துதான் போகிறார்கள். புல்மேடு, பள்ளம், அப்புறம் ஒரு வாசல், உள்ளே பெரிய அறுகோணச் சதுக்கம், அவ்வளவுதானா என்று. அதனால் போகும் முன் வரைபடச் செயலியில் வான்படத்தைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு அகழிப் பக்கம் இறங்கி, ஒரு கொத்தளத்தின் முனையில் நின்று பக்கத்து முனையைத் தேடுங்கள். வெளிவட்டத்தில் உள்ள மேடுகள் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்தவை. பீரங்கியின் வீச்சு கூடக் கூட கோட்டை வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டே போனதற்கு அது சாட்சி.

பால்மனோவாவுக்கு இன்னொரு சோகமும் உண்டு. ஊர் தயார், ஆனால் குடியேற ஆள் வரவில்லை. எல்லைப்புறப் படைக்கோட்டைக்குள் யார் போய் வாழ்வார்கள்? 1622இல் குற்றவாளிகளுக்கு மன்னிப்பும் இலவச மனையும் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று.

செலவு இன்னொரு பெரிய தலைவலி. இத்தாலியின் சியன்னா புதுமுறை மதில்களுக்குப் பணத்தைக் கொட்டியது. மதில் முடியும் முன்பே கஜானா காலி, படைக்கு ஆள் எடுக்கக் காசில்லை. 1555இல் ஊர் பட்டினியில் பணிந்தது.

லூக்காவுக்கு நல்ல விதி. டஸ்கனியில் இருக்கும் அந்த ஊர், 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாவகாசமாக மதில் கட்டியது. 4.2 கிலோமீட்டர் சுற்று. முற்றுகை ஒன்றுமே வரவில்லை. 1812இல் ஆற்று வெள்ளம் வந்தபோது வாசல்களை இறுக்க மூடிக்கொண்டு ஊர் தப்பித்தது, அந்த மதிலுக்குக் கிடைத்த ஒரே போர் அதுதான். பிறகு மேலே மரம் நட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். இப்போது ஊர்க்காரர்கள் அதில் காலையில் ஓடுகிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள், தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். முதன்முதலாகக் கொத்தள மதிலைப் பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்வது லூக்காதான். சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வாருங்கள். மதில் மேலே இவ்வளவு அகலமா என்று தோன்றும்போது, அடியில் 30 மீட்டர் அகலத்துக்கு மண் கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தளங்களின் அடியில் வளைவுக்கூரை போட்ட நடைவழிகள் உண்டு. அவற்றின் வழியாக வெளியே புல்வெளிக்கு இறங்கி, அங்கிருந்து திரும்பி மதிலைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

பிரான்ஸ் பக்கம் போனால் வோபான் என்ற பெயரைத் தப்ப முடியாது. பதினான்காம் லூயி மன்னரின் படைப் பொறியாளர், 1633 முதல் 1707 வரை வாழ்ந்தவர். கோட்டை கட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரரோ, உடைப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். 1673இல் மாஸ்ட்ரிக்டை முற்றுகையிட்டபோது, மதிலுக்கு இணையாகப் பதுங்குகுழி வெட்டி, அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறி, மறுபடியும் இணைகுழி வெட்டி என்று ஒரு ஒழுங்கு முறையைக் கையாண்டார். குழிவெட்டு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஊர் விழுந்தது. கதைகளில் வரும் தார்த்தாஞான் என்ற வீரரின் நிஜ மனிதர் செத்தது அந்த முற்றுகையில்தான். வோபானின் கடைசிப் பெரிய வேலை ரைன் நதிப் பக்கம் இருக்கும் நஃப்-ப்ரிசாக். எண்கோண ஊர், சதுரங்கப் பலகை மாதிரித் தெருக்கள், சுற்றிலும் அடுக்கடுக்காக அரண். அவருடைய கோட்டைகளில் பன்னிரண்டு 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டினாலும் ஒரு பொறி போதும். போர்ச்சுகலின் எல்லையில் அல்மெய்டா என்ற ஆறு முனை நட்சத்திரக் கோட்டை இருக்கிறது. 1810 ஆகஸ்ட் 26ஆம் தேதி பிரெஞ்சுக் குண்டுவீச்சில் உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், நடுவில் இருந்த பழைய கோட்டையும் தேவாலயமும் தரைமட்டம். மறுநாளே சரணடைய வேண்டியதாயிற்று. கொத்தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை இன்றும் கச்சிதமாக இருக்கின்றன. நடுவில் மட்டும் அந்தப் பழைய கோட்டையின் அடித்தளம் கிடக்கிறது.

இரண்டு காலமும் ஒரே சுவரில்

எல்லா ஊரும் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட முடியாதே. பெரும்பாலானவை இருந்ததையே ஒட்டுப்போட்டன. அதற்கு டுப்ரோவ்னிக் நல்ல பாடம். சுமார் 1,940 மீட்டர் சுற்று மதில், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். நிலப்பக்கம் சுவர் 4 முதல் 6 மீட்டர் தடிப்பு, கடல்பக்கம் ஒன்றரை முதல் 3 மீட்டர்தான். பயம் எந்தத் திசையிலிருந்து அதிகம் என்று சுவரே சொல்கிறது. உச்சியில் இருக்கும் மின்செட்டா கோபுரம் முதலில் 14ஆம் நூற்றாண்டில் சதுரமாகக் கட்டியது. கான்ஸ்டான்டினோபிள் விழுந்த செய்திக்குப் பிறகு, 1460களில், அதைச் சுற்றித் தடிப்பான வட்டச் சுவரைப் போர்த்தினார்கள்.

மதிலுக்கு வெளியே, கடற்பாறை மேல், லொவ்ரியேனாட்ஸ் என்றொரு தனிக்கோட்டை. அதன் வெளிப்புறச் சுவர் 12 மீட்டர் வரை தடிப்பு. ஊரைப் பார்த்த பக்கச் சுவரோ வெறும் 60 சென்டிமீட்டர்! தளபதி என்றைக்காவது துரோகம் செய்து ஊரின் மேல் பீரங்கியைத் திருப்பினால், ஊர்க்காரர்கள் அந்தச் சுவரைச் சுலபமாக உடைத்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு. இதன் நேர் எதிர்ப்பதம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப். 1567இல் ஸ்பெயின் மன்னரின் தளபதி ஆல்பா பிரபு, ஊரை அடக்கிவைக்க அங்கே கட்டிய ஐங்கோணக் கோட்டையின் பீரங்கிகள் பாதி ஊரைப் பார்த்தே இருந்தன. பத்தாண்டு கழித்து வாய்ப்புக் கிடைத்ததும் மக்கள் மண்வெட்டியோடு போய் ஊர்ப்பக்கச் சுவரை இடித்தார்கள். ஆகவே எந்த ஆயுதம் என்று கேட்டதோடு, யாரைப் பார்த்துப் பயம் என்றும் கேட்டுவைக்க வேண்டும்.

எவ்வளவு பழசு?

பார்க்கும் கல்லெல்லாம் பழைய கல் என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சின் கார்கசோன் இரட்டை மதில், 52 கோபுரம் என்று கம்பீரமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது இடிந்து, மதிலை ஒட்டிக் குடிசைகள் முளைத்துக் கிடந்தது. 1853 முதல் வியோலெ-லெ-தூக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். கோபுரங்களின் மேல் இருக்கும் கூம்புக் கூரைகள் வடபிரான்சுப் பாணி, இந்தத் தென்பகுதிக்குப் பொருந்தாது என்று அப்போதே சண்டை நடந்தது. என்னைக் கேட்டால், அவர் கைவைக்காமல் விட்டிருந்தால் நாம் இன்று கல்குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கூரையை மன்னித்துவிட்டு உள்மதிலின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிறு சிறு கற்களுக்கு இடையே செங்கல் வரிசை ஓடினால் அது ரோமானியர் கைவேலை, மேலே உள்ளவை பிற்காலத்தவை. ஒரே சுவரில் ஆயிரம் ஆண்டு இடைவெளி.

ரோத்தன்பர்க்கில் 1945 மார்ச் 31ஆம் தேதி விழுந்த குண்டுகளில் ஊரின் ஒரு பகுதியும் மதிலும் அழிந்தன. திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் மதில்நடையில் கல்லில் பதித்திருக்கின்றன; உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த பெயர்கள். நெதர்லாந்தின் பூர்தாங்கேயும் 1960களில் தொடங்கி, 1742இல் இருந்தபடி திரும்பக் கட்டியது. போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கோட்டையின் கணக்கைப் புரிந்துகொள்ளப் போகிறவருக்கு, இடிந்த அசலைவிட முழுமையான மறுகட்டுமானம் பல நேரம் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

காணாமல் போனதையும் கண்டுபிடிக்கலாம். வியன்னா 1857இல் மதிலை இடிக்கத் தீர்மானித்தது. மதிலும் வெளிச்சரிவும் இருந்த இடம்தான் இன்றைய வட்டச்சாலை. பழைய ஊரைச் சுற்றித் திடீரென்று அகலமான சாலையும் பூங்காவும் வளையமாக வந்தால், அங்கே மதில் இருந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். லுக்சம்பர்க் 1867 ஒப்பந்தப்படி கோட்டையை இடித்தது, ஆனால் பாறைக்குள் குடைந்த சுரங்க வழிகளை இடிக்க முடியவில்லை. பல கிலோமீட்டர் இன்னும் இருக்கின்றன, ஒரு பகுதிக்குள் டிக்கெட் எடுத்துப் போகலாம்.

போகும்போது

முதலில் வெளியே சுற்றுங்கள், பிறகு உள்ளே போங்கள். சுற்றுலாக் குழுக்கள் நேராக வாசலுக்குள் போய், அருங்காட்சியகத்தில் வாளையும் இரும்புச் சட்டையையும் பார்த்துவிட்டு வெளியேறிவிடுகின்றன. கோட்டை எதிரிக்காகக் கட்டியது. எதிரி நின்ற இடத்தில் நின்றால்தான் அது பேசும். சாப்பாட்டுக் கடை, நினைவுப்பொருள் கடை எல்லாம் உள்ளேதான் இருக்கும் என்பதால் அகழிப் பக்கம் கூட்டமும் இருக்காது.

டுப்ரோவ்னிக்கில் மதில் நடைக்கு விலை அதிகம், நிழல் கிடையாது, ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள். கோடையில் போனால் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள். கப்பல் பயணிகள் இறங்கிவிட்டால் வரிசையில் நகர்வதுதான் நடக்கும். இங்கிலாந்தின் யார்க், கான்வி, ரோத்தன்பர்க், லூக்கா நான்கிலும் மதில் மேல் நடக்கக் கட்டணம் இல்லை. கார்கசோனில் ஊருக்குள் நுழைய இலவசம், உள்கோட்டைக்கும் மதில் மேல் நடப்பதற்கும்தான் டிக்கெட். பழைய கற்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும்; செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். பல மதில்நடைகளில் உள்பக்கக் கைப்பிடி இருக்காது, சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சுழல்படிகள் ஒத்துவராது. அவர்களுக்கும் லூக்காவே சரி, மேலே ஏறச் சரிவுப்பாதை இருக்கிறது.

ஒரே பயணத்தில் பத்துக் கோட்டை பார்க்கத் திட்டம் போடாதீர்கள், மூன்றாவதிலேயே எல்லாம் ஒன்றாகத் தெரியும். உயரக் காலத்துக்கு ஒன்று, கொத்தளக் காலத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் போகிறவர் கான்வியில் ஒரு நாள் தங்கினால் பியூமாரிஸையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இத்தாலி என்றால் புளோரன்சிலிருந்து லூக்காவுக்கு ரயில் இருக்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆம்ஸ்டர்டாமில் இறங்குகிறவர்களுக்கு நார்டன் பக்கத்திலேயே இருக்கிறது: ஆறு கொத்தளம், இரட்டை அகழி, அகழியில் வாத்து. நார்டனில் இறங்கி முதலில் காபிக்கடைக்குப் போகாமல், அகழியின் வெளிக்கரையை ஒட்டிய பாதையில் திரும்பி, தண்ணீருக்கு அப்பால் தெரியும் முதல் கொத்தளத்தின் பக்கவாட்டில் பீரங்கிக்கு விட்ட இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.